கலங்கரை விளக்கத்தின் கற்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? தாத்தா வீட்டைப் பிரிக்க ஆள் பேசிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் கப்பல் எகிப்தின் அலெக்சாந்திரியா வந்துவிட்டது. ஒன்பது நாள் இங்கே நிற்கிறோம். வேலை முடிந்ததும் கரையிறங்கி ஊர் பார்க்கப் போய்விடுகிறேன்.

நம் வரலாற்றுப் பாடத்தில் உலக அதிசயங்கள் ஏழு வருமே, அதில் ஒன்றான ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் இங்கேதான் நின்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கட்டியது, நூறு மீட்டருக்கு மேல் உயரம். கட்டியவர் பெயர் சோஸ்திராதோஸ். அவரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். தன் பெயரைக் கல்லில் ஆழமாக வெட்டி, அதன்மேல் சாந்து பூசி, சாந்தில் அரசன் பெயரை எழுதி வைத்தாராம். காலம் போகப் போகச் சாந்து உதிர்ந்து, அரசன் பெயர் போய், இவர் பெயர் வெளியே வந்ததாம். நடந்ததோ இல்லையோ, எனக்கு இந்தக் கதையை ரொம்பப் பிடித்திருக்கிறது. கட்டட வேலை பார்க்கிற உனக்கும் பிடிக்கும்.

விளக்கம் நின்ற இடத்தில் இப்போது ஒரு கோட்டை இருக்கிறது. தொடர்ந்து வந்த நிலநடுக்கங்களில், முக்கியமாக 1303இல் வந்ததில், விளக்கம் ஆடிப்போனது. 1326இல் இங்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, ஒரு பக்கம் இடிந்திருந்தாலும் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். 1349இல் மறுபடி வந்தபோது வாசலுக்கே ஏற முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்புறம் 1477இல் சுல்தான் காயித்பே அதே அடித்தளத்தின்மேல், கிடந்த கற்களையும் எடுத்துப் போட்டு, இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் சுவருக்கு நடுவில் திடீரென்று சிவப்புக் கருங்கல் தெரிகிறது. நாட்டின் தென்கோடியில் இருக்கிற அஸ்வானிலிருந்து நைல் வழியாகக் கொண்டுவந்த கல் அது. கையை வைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

மீதிக் கற்கள் கோட்டைக்குக் கீழே கடலில் கிடக்கின்றன. 1994இல் ஆய்வாளர்கள் முக்குளித்துப் பார்த்தபோது சிலைகளும் தூண்களுமாக ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தார்கள். 2025இல் 22 பெரிய கற்களைத் தூக்கி எடுத்தார்கள். விளக்கத்து வாசலின் நிலைக்கற்களும் மேலே தாங்கும் உத்தரக் கல்லும் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றும் எழுபது எண்பது டன் என்றால் அந்த வாசல் எப்படி இருந்திருக்கும்! கிரேன் இல்லாத காலத்தில் எப்படி ஏற்றினார்கள் என்று நீதான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

ஃபாரோஸ் அப்போது தனித் தீவு. கரைக்கும் அதற்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் கல்லணை போட்டு இணைத்தார்கள். அதன் இரு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து நிலமாகிவிட்டது. இன்று அதன்மேல் கடைத்தெருக்களும் வீடுகளும் மசூதிகளும் இருக்கின்றன. கடலின்மேல் நடக்கிறோம் என்று அங்கே மீன் வாங்குகிறவர் யாரும் நினைப்பதில்லை.

ஊர் பிறந்த கதையும் உண்டு. கி.மு. 331இல் அலெக்சாந்தர் தெருக்களுக்குக் கோடு போடச் சொன்னபோது சுண்ணப்பொடி கிடைக்கவில்லை. பார்லி மாவால் கோடு இழுத்தார்கள். பறவைக் கூட்டம் வந்து அத்தனையையும் தின்றுவிட்டது. அவர் கலங்கிப்போக, குறி சொல்பவர்கள், "இந்த ஊர் பல நாட்டாருக்குச் சோறு போடும்" என்றார்களாம். அந்தச் சோற்றில் நம் மிளகும் உண்டு மாப்பிள்ளை. பொன்னோடு சேரர் துறைமுகமான முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களைப் பற்றித் தமிழையா அகநானூற்றுப் பாட்டு நடத்தினாரே! முசிறிச் சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் படகில் இந்த ஊருக்குத்தான் வந்தது. இங்கே கால் பங்கு வரி. அந்த வணிகத்தின் கடன் ஒப்பந்தம் ஒன்று, 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள், வியன்னாவில் இருக்கிறது. ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் அதில் உண்டு. துறைமுகத்தில் சரக்குத் தாள்களில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான்.

நேற்று கோம் எல் ஷுகாஃபா போனேன். 1900இல் ஒரு கழுதை நிலம் உள்வாங்கிக் குழிக்குள் விழ, அதனால் வெளியே தெரிந்த பாதாளக் கல்லறை. சுழன்று இறங்கும் படிகள் தொண்ணூற்று ஒன்பது. கீழே, எகிப்தின் நரித்தலைத் தெய்வம் அனுபிஸ் ரோமானியச் சிப்பாயின் கவசம் போட்டுக்கொண்டு காவல் நிற்கிறது. இரண்டு ஊர்ச் சிற்ப முறையையும் கலந்து வெட்டிய அந்தச் சிற்பியின் பெயர் எங்கும் இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். புது வீடு கட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திண்ணையில் நாம் சாய்ந்து படித்த அந்த நாலு தேக்குத் தூண்களையும் பழைய மரக்கடைக்குக் கொடுத்துவிடாதே. மாடிப்படிக்குப் பக்கத்திலோ பூஜையறை முகப்பிலோ நிறுத்த இடம் இருக்கும். வாசல்நிலையையும் கழற்றிப் பத்திரமாக வை. நான் கார்த்திகைக்குள் ஊர் வந்துவிடுவேன். அதுவரை வெயிலும் மழையும் படாமல் மூடிப் போட்டு வைத்தால் போதும், வந்ததும் நானே தேய்த்து எண்ணெய் பூசித் தருகிறேன்.

தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்