ஏர் ரைபிள் பேரல் துடைக்க எதை வாங்குவது?

நண்பர்களே, சால்வென்ட் (பேரல் குழலில் படிந்த கறையைக் கரைக்கும் திரவம்) பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நம் 4.5 மி.மீ. ஏர் ரைபிளில் வெடிமருந்தே கிடையாது; பேரலில் படிவது பெரும்பாலும் ஈயம்தான். தோட்டாத் துப்பாக்கிக்கு விற்கும், அம்மோனியா கலந்த செம்பு நீக்கி நமக்கு எதற்கு? பித்தளையை அரிக்கும். மண்ணெண்ணெய், மெஷின் ஆயிலும் வேண்டாம். ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திச் சுடும் ரைபிளில் அவை அழுத்தச் சூட்டில் பற்றி 'டப்' என்று வெடிக்கும், காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும்.

ஏர்கன் சீலுக்கு ஆகும் என்று லேபிளில் இருப்பதையே வாங்குங்கள். ஃபெல்ட் பெல்லட்டில் (துடைப்பதற்கான, கம்பளித் துணி போன்ற சிறு உருளை) இரண்டு மூன்று சொட்டு போதும். பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள், அப்புறம் சாம்பல் கறை ஒட்டாதவரை உலர்ந்த ஃபெல்ட். துடைத்ததும் சுடும் முதல் சில பெல்லட் (ஈயக் குண்டு) குறியிலிருந்து தள்ளிப் போகலாம். உடனே குறிபார்க்கும் சைட்டைத் திருக வேண்டாம். குறி சரியாக விழுகிறதென்றால் பேரலைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.