தீபாவளி நிலாவும் நாலணாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த என் தீபாவளிக் கதைக்கு வாசகர்கள் எழுதி, நீங்கள் அனுப்பிவைத்த மூன்று கடிதங்களும் கிடைத்தன. மூன்றிலும் நிலாதான். ஒருவர் பஞ்சாங்கப் பக்கத்தையே நகல் எடுத்து இணைத்திருக்கிறார்.

1963 தீபாவளி, விடிகாலை நாலு மணி, கொல்லைக் கிணற்றில் நிலா மிதக்கிறது என்று எழுதியிருந்தேன். தீபாவளி வருவதே தேய்பிறைச் சதுர்த்தசியில். அன்றைக்கு நிலா எழுவதே விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், அதுவும் நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கீற்று. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு அது ஏறவே ஏறாது. ஒப்புக்கொள்கிறேன். அறுபது தீபாவளிக்கு மேல் எண்ணெய் தேய்த்துக் குளித்தவள், ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருக்கலாம். கிணற்றடியில் நிற்கிற என் கதை மருமகளின் முகம் தெரிய வெளிச்சம் வேண்டியிருந்தது. நிலாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். புத்தகமாக வரும்போது துவைக்கிற கல்மேல் ஒரு அரிக்கேன் விளக்கு இருக்கும்.

ஆனால் நாலணாவை விட்டுத்தர மாட்டேன். 1957 ஏப்ரல் 1-லேயே அணாக் கணக்கு போய், ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்துவிட்டதே, 1963-ல் பையன் எப்படி நாலணாவுக்கு மத்தாப்பு கேட்கிறான் என்கிறார் பஞ்சாங்கக்காரர். காசில் அச்சடித்தது வேறு, வாயில் வந்தது வேறு ஐயா. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்று கணக்கு இடித்தது. நாலணாவும் எட்டணாவும் இருபத்தைந்து, ஐம்பது என்று கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. ‘நயா’வை 1964-லேயே எடுத்துவிட்டார்கள். 2011-ல் 25 பைசா செல்லாது என்றபோதும் என் அம்மா கேட்டது, “நாலணா செல்லாதாமே?” என்றுதான்.

அப்புறம், யாரும் எழுதாத ஒன்று. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலமே வெந்நீர் அண்டாவைத் தேய்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, குங்குமம் வைத்து, தண்ணீர் நிரப்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கதையிலும் அப்படியிருக்க, நாலு மணிக்கு அந்த மருமகள் எதற்கு வாளியோடு கிணற்றடிக்குப் போனாள்? ‘தண்ணீர் இறைக்க’ என்று எழுதியிருக்கிறேன். அழத்தான் போனாள். நிரம்பிய அண்டா கண்முன்னே இருக்கும்போது மாமியாருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. கதையில் மாமியார் ஒன்றும் கேட்காமல் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் கைவைக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
கதையை எழுதியவள்,
கும்பகோணம்.