புகைபோக்கியின் நிழலில் ஒரு வடிவியல் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தொடக்கப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புத் தேர்வை எண்ணியே பாடம் நடப்பதால், கோணமும் முக்கோணமும் பிள்ளைகளுக்குத் தாளில் தொடங்கித் தாளிலேயே முடிந்துவிடுகின்றன. மொரீசியசில் வடிவியலை வெளியே கொண்டுவர இயற்கையே ஒரு வாய்ப்பைத் தந்திருப்பதைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

நம் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் இருப்பதால், ஜூன் 21ஆம் நாளை ஒட்டிய நண்பகலில் சூரியன் வடக்கு வானில் சுமார் 46 பாகை உயரத்தில் நிற்கும். பிற்பகல் 1 மணி வாக்கில் அது 45 பாகைக்கு இறங்கும்போது, செங்குத்தாக நிற்கும் எதன் நிழலும் அதன் உயரத்துக்குச் சமமாகிவிடும். சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நிறுத்தி, அதன் நிழலும் ஒரு மீட்டராகும் நேரம் பார்த்து, பழைய கரும்பாலைப் புகைபோக்கி ஒன்றின் நிழலைப் பிள்ளைகள் நாடா பிடித்து அளந்தால், மேலே ஏறாமலேயே உயரம் தெரிந்துவிடும். புகைபோக்கியின் நடுவிலிருந்து அளக்க முடியாது என்பதால் அடிப்பாகத்தின் பாதி அகலத்தையும் கூட்ட வேண்டும். இதை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லாமல், பிள்ளைகளே கேட்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. நிழலின் நுனி மங்கலாக இருப்பதால் குழுவுக்குக் குழு விடை சற்று மாறும். ஏன் மாறியது என்று அவர்கள் வாதாடும் அரை மணி நேரம், என் கருத்தில், பத்துப் பயிற்சித் தாள்களைவிட மேலானது. டிசம்பரில் நண்பகலை ஒட்டிய நேரத்தில் இது நடக்காது. நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு வந்துவிட, நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும்.

சமச்சீருக்குக் கோலம் இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. செங்கோணத்துக்கோ, மகனுக்காக மேல்மாடி எழுப்பும் வீடு ஏதேனும் ஒன்று தெருவில் இருக்கும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே நூல் பிடித்து 5 அடி வருகிறதா என்று மேசன் சரிபார்ப்பதைப் பார்த்த பிள்ளைக்குப் பித்தாகரசு தேற்றம் பின்னாளில் அந்நியமாக இராது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள். நான் கேட்பது ஜூனில் ஒரே ஒரு பிற்பகல். வெயில் இல்லாத நாள் அமைந்தால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கத் தலைமையாசிரியர்கள் இசைய வேண்டும். அளவு நாடாவையும் வண்டியையும் பெற்றோர் சங்கங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ரோஸ் ஹில், மொரீசியசு