ஆரஞ்சுப் பழமும் தூக்குமரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருது சகோதரர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சின்ன மருதுவிடம் வளரி என்னும் வளைந்த எறிதடியை வீசக் கற்றவரை ‘ஒரு வெள்ளைக்கார அதிகாரி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் ஜேம்ஸ் வெல்ஷ். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றியவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டு நாட்குறிப்பிலிருந்து தொகுத்த தம் ராணுவ நினைவுகளை 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

பெரிய மருது ஆர்க்காடு ரூபாய் நாணயத்தை விரலால் வளைப்பார் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். அதுவும் வெல்ஷ் எழுதியதுதான். வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் வகுப்பில் அதோடு நிறுத்திக்கொண்டவன். ஓய்வுபெற்ற பிறகே முழுப் பகுதியையும் படித்தேன்.

1795இல் வெல்ஷ் மதுரையில் இருந்தபோது சின்ன மருது அவருக்கு நல்ல அரிசியும் பழங்களும் தவறாமல் அனுப்பினாராம். காவலாள் ஒருவர்கூட இல்லாத அரண்மனையில் யாரும் தடையின்றி வந்து போனார்களாம். இவ்வளவையும் நன்றியோடு எழுதிவிட்டு, அடுத்த மூச்சில், அதே மனிதரைப் பின்னாளில் காட்டு விலங்கைப் போல் துரத்த நேர்ந்தது என்கிறார். தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், கடைசியில் அண்ணனோடும் மகனோடும் தூக்கில் தொங்கியதையும் பார்த்ததாக எழுதுகிறார். துரத்திய படையில் தாமும் இருந்ததை மறைக்கவில்லை. புகழ்ச்சியை மட்டும் வெட்டியெடுத்து ‘எதிரியே பாராட்டினான்’ என்று நாம் பூரித்துப்போகிறோம். பாராட்டியவர் வேட்டையையும் விடவில்லை என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டாமா?

தம் கூட்டத்தின் அசட்டையையும் அவர் மூடி வைக்கவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பிய நேரத்தில், ஊரிலிருந்த வெள்ளையர் சுமார் இருபது பேரும் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தார்களாம்.

ஒரு சந்தேகம். சின்ன மருது அனுப்பிய பழங்களில், சொரசொரப்பான தோலும் மிகுந்த தித்திப்பும் உள்ள ஒரு பெரிய ஆரஞ்சை இந்தியாவில் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார் வெல்ஷ். அது என்ன பழம்? சின்ன மருது வாழ்ந்த சிறுவயல் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால் எழுதட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சிவகங்கை.