கோர்டோபாவில் என்னைத் தாங்கிப் பிடித்த அம்மாவுக்கு

மாட்ரிட்டில் படிக்கிறேன். வார இறுதியில் டொலேடோ பார்த்துவிட்டு அப்படியே கோர்டோபாவுக்குத் தனியாகப் போனேன். 785இல் மசூதியாகக் கட்டத் தொடங்கிய மெஸ்கீட்டாவின் சிவப்பு வெள்ளை வளைவுகளைப் பார்த்துத் திரும்பும்போது பழைய யூதர் குடியிருப்பின் கூழாங்கல் சந்தில் கால் பிசகி, கணுக்கால் வீங்கிவிட்டது. அம்மா, நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையை உங்கள் தோளில் போட்டு மருந்துக் கடைக்கு நடத்திப் போனீர்கள், அங்கே முட்டி போட்டு உட்கார்ந்து நீங்களே கட்டும் போட்டுவிட்டீர்கள், அப்புறம் டாக்ஸியில் ரயில் நிலையம் வரைக்கும் கூடவே வந்தீர்கள். பணம் நீட்டினால் கையைத் தட்டிவிட்டீர்கள், கொஞ்சம் கோபமாகவே! என் அரைகுறை ஸ்பானிஷில் 'கிராசியாஸ்' (நன்றி) தவிர எதுவும் வரவில்லை. அங்கே இருக்கும் நம்மவர்கள் யாராவது இதை அவரிடம் சேர்த்தால் புண்ணியம். வீக்கம் வடிந்துவிட்டது அம்மா, நன்றாக நடக்கிறேன்.