தீபாவளிக்குப் பிறகும் தொண்டூழியர் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி நெருங்கும் வாரங்களில், வாடகை வீடுகள் உள்ள சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு அரிசி, எண்ணெய், பலகாரப் பைகளோடு தொண்டூழியர்கள் திரளாக வருவதைக் காண்கிறோம். அது நல்ல செயல்தான். ஆனால், அந்தப் பைகளைப் பெறுவோருக்கு அதைவிட அதிகம் தேவைப்படுவது, ஆண்டு முழுவதும் தவறாமல் வந்து, தமிழில் பேசி, காரியங்களுக்குத் துணை நிற்கும் ஓர் ஆள் என்பதை, முதியோர் நிலையம் ஒன்றில் நெடுங்காலமாகத் தொண்டூழியம் செய்துவரும் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினர். ஆகவே, எல்லாக் குடும்பச் சேவை நிலையங்களிலும் முதியோர் கூடிப் பழகும் துடிப்பான மூப்படைதல் நிலையங்களிலும் தமிழ் தெரிந்த ஊழியர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த இடைவெளியைத் தொண்டூழியர்களால் நிரப்ப முடியும்.

நான் சென்று பார்க்கும் மூதாட்டி ஒருவர், தமக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமலேயே ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். வீவக அனுப்பியது எது, மத்திய சேமநிதிக் கழகம் அனுப்பியது எது, மருத்துவமனையிலிருந்து வந்தது எது என்று அவருக்குத் தெரியாது. அரசாங்க முத்திரையைப் பார்த்தாலே ஏதோ தவறு நடந்துவிட்டது என்ற பயம் அவருக்கு. ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னபோதுதான், கண் பரிசோதனைக்குக் குறித்திருந்த நாள் கடந்துபோனது தெரியவந்தது. நிலையத்தின் ஊழியர் மறுநாளே பேசி வேறு தேதி வாங்கிக் கொடுத்தார். படித்துச் சொன்னதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. தமிழும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) துணையாகச் செல்வதும் இத்தகைய பணியே. வரிசை எண் எடுப்பது, இரத்தப் பரிசோதனை முடியும்வரை உடனிருப்பது, எந்த மாத்திரையை எந்த வேளையில் சாப்பிட வேண்டும் என்று மருந்தாளரிடம் கேட்டுப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுப்பது ஆகியவை அந்த முதியவருக்குப் பெரும் உதவி. ஆனால், மருத்துவர் கேட்கும் கேள்விக்குப் பதிலை அவரே சொல்லட்டும். நாம் மொழிபெயர்த்தால் போதும். நேரமாகிறது என்று நாமே முந்திக்கொண்டு “இப்போது பரவாயில்லை” என்று சொல்லிவிட்டால், அவர் சொல்ல வந்த வலி சொல்லப்படாமலேயே போய்விடும்.

எல்லை மீறாமல் இருப்பதும் முக்கியம். வங்கி அட்டை, இரகசிய எண், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்கவோ வாங்கி வைத்துக்கொள்ளவோ கூடாது. “கம்கேர் பணம் நிச்சயம் கிடைக்கும்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது; வசதி குறைந்தோருக்கான அந்த அரசாங்க நிதியுதவி குறித்து முடிவெடுப்பது சமூகச் சேவை அலுவலகம். உணவுப் பையை நீட்டியபடி முதியவரோடு படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடும் வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. உதவி பெறுபவருக்கும் அக்கம்பக்கத்தார் முன் காக்க வேண்டிய மானம் உண்டு. அவர் நம்மை நம்பிச் சொல்லும் குடும்ப விவகாரம் வெளியே போகக் கூடாது. அதில் ஆபத்தின் அறிகுறி இருந்தால் மட்டும் உடனடியாக நிலைய ஊழியரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு மாதம் வந்து பழகிவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடுபவர்களால், தனியாக வாழும் முதியவர் முன்பைவிடத் தனிமையாகிறார். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த ஒரு நாளைத் தவறவிடாமல் வருவதே மேல்.

2030ஆம் ஆண்டுக்குள் நம் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் அல்லது கடந்திருப்பார் என்று அரசாங்கம் கணித்துள்ளது. எனவே, சமூக சேவை அமைப்புகள் தொண்டூழியர் பதிவுப் படிவத்தில் அவர்கள் பேசும் மொழிகளைத் தவறாமல் கேட்டு, தமிழ் பேசும் முதியவரோடு தமிழ் பேசுபவரை இணைக்க வேண்டும். பண்டிகைக்காலத்தில் அன்பளிப்பு வழங்கும் நம் கோயில்களும் தமிழ் அமைப்புகளும், அருகிலுள்ள ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கு மாதந்தோறும் செல்லக்கூடிய உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை இந்த ஆண்டிலேயே கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டூழியர் ஒருவர்,
புக்கிட் மேரா