போனவரைப் பற்றி ஒரு உண்மை சொல்லுங்கள்: நம் கால்பந்து கிளப் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

வணக்கம்.

சனிக்கிழமை நம் பழைய கேப்டன் எதிரணி ஜெர்சியில் மைதானத்துக்குள் வந்தபோது கேலரியில் நடந்ததை மேலே கண்ணாடி அறையிலிருந்து நீங்களும் பார்த்திருப்பீர்கள். மறுநாளே ரசிகர்கள் கண்ணியம் காக்க வேண்டும் என்று அறிக்கை விட்டீர்கள். சரி, காக்கிறோம். ஆனால் கைதட்டுவதா, திட்டுவதா என்று நாங்கள் முடிவு செய்யத் தேவையான ஒரே விவரத்தை நீங்கள் இன்றுவரை தரவில்லையே? அவராகக் கேட்டுப் போனாரா, நீங்கள் அனுப்பினீர்களா?

அவர் போன அன்று கிளப் வெளியிட்டது நான்கு வரி. நன்றி, வாழ்த்துகள், ஒரு புகைப்படம். அதற்கு அடுத்த நாள் சம்பளப் பேச்சில் அவரை அவமதித்தீர்கள் என்று அவர் தரப்பிலிருந்து ஒரு கசிவு. அவருக்குப் பணத்தாசை என்று உங்கள் தரப்பிலிருந்து ஒரு கசிவு. இரண்டையும் படித்துவிட்டு அவரவர் மனதுக்குப் பிடித்ததை நம்பிக்கொண்டோம். கேலரி அன்று இரண்டாகப் பிரிந்தது, இன்னும் ஒட்டவில்லை.

சனிக்கிழமை எங்கள் வரிசையில் ஒருவர் கேப்டன் பெயர் போட்ட பழைய ஜெர்சியிலேயே வந்திருந்தார். பெயருக்கு மேல் கறுப்பு டேப். எண்ணை மட்டும் மறைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "எண் கிளப்போடது" என்றார். கேப்டன் காலில் பந்து பட்டபோதெல்லாம் எங்கள் பகுதியில் கூச்சல், விசில். இரண்டாம் பாதியில் ஒருமுறை இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, பந்தை வலது காலுக்கு மாற்றினார். அந்த இடத்திலிருந்து அவர் அடித்தால் பந்து எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும், எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம்! டேப் ஒட்டியவர் உட்பட பாதி கேலரி பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டது. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தோம். அப்புறம் முன்னைவிடச் சத்தமாகக் கூச்சல் போட்டோம். கண்ணியக் குறைவு என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

உண்மை தெரிந்தால் கோபம் போய்விடும் என்று சொல்ல வரவில்லை. கோபத்துக்கு ஒரு முகவரி கிடைக்கும், அவ்வளவுதான். 2011 ஜனவரியில் ஸ்பெயின் வீரர் ஃபெர்னாண்டோ டோரஸ் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பை விட்டு செல்சிக்குப் போனபோது, அவரே எழுத்து மூலம் விலகல் கேட்டதை கிளப் வெளிப்படையாகச் சொன்னது. ரசிகர்கள் ஆத்திரப்பட்டார்கள், ஜெர்சியை எரித்தார்கள். யார் மேல் கோபம் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. 2015-ல் லிவர்பூல் அறக்கட்டளைக்கான காட்சி ஆட்டத்துக்காக அவர் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது அதே கேலரி அவரைப் பாடி வரவேற்றது. 2021-ல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனதற்கு ரசிகர்கள் அவரைத் துரோகி என்று ஏசவில்லை. லீக்கின் நிதி விதிகளால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய முடியவில்லை என்று கிளப்பே அறிவித்ததால், கணக்கை இந்த நிலைக்குக் கொண்டு வந்த நிர்வாகத்தின் பக்கம் கேள்வி திரும்பியது. உங்கள் மௌனத்துக்குக் காரணம் ஒருவேளை இந்தக் கடைசி உதாரணம்தானோ என்று சந்தேகம் வருகிறது. மன்னிக்கவும்.

ஸ்காட்லாந்து வீரர் டெனிஸ் லா விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. 1973-ல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை டிரான்ஸ்பர் தொகை (வாங்கும் கிளப் தரும் விலை) இல்லாமலேயே விடுவித்தது. அடுத்த ஏப்ரலில் அவர் அதே ஊர்ப் போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டிக்காக, யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் குதிகாலால் ஒரு கோல் போட்டார். கொண்டாடவில்லை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். மற்ற ஆட்டங்களின் முடிவால் யுனைடெட் எப்படியும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருக்கும், ஆனாலும் அவர் இறக்கியதாகத்தான் கதை நின்றது. விடுவித்தது கிளப் என்பது ரசிகர்களுக்குத் தெரிந்திருந்ததால் அவர் அவர்களுடைய ஆளாகவே இருந்தார். இன்று அதே மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அர்ஜென்டினா வீரர் பாடிஸ்டுட்டா ஒன்பது ஆண்டு இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்கு ஆடியவர். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் கூடவே இருந்தார். 2000-ல் ரோமாவுக்குப் போய், அதே ஆண்டு பழைய அணிக்கு எதிராக வெற்றி கோல் அடித்துவிட்டு அழுதார். நம் கேப்டன் சனிக்கிழமை ஒரு கோல் போட்டிருந்தால் கொண்டாடியிருப்பாரா, கைகளைத் தூக்கி மன்னிப்புக் கேட்டிருப்பாரா? எங்கள் வரிசையில் ஆட்டம் முடிந்தும் பேச்சு இதுதான். யாருக்கும் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள்.

அவரை மறந்துவிட்டு அடுத்த சீசனைப் பாருங்கள் என்று எங்களுக்கு அறிவுரை. நீங்கள் மறக்கப் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. விற்ற ஒப்பந்தத்திலேயே, அவரை அடுத்து யார் வாங்கினாலும் லாபத்தில் நமக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு ஷரத்து இருப்பதாகப் பேச்சு. போதாததற்கு அவர் நம் அகாடமியில் வளர்ந்தவர். ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு வீரர் வேறு நாட்டு கிளப்புக்கு விலைக்குப் போனால், 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்களுக்கு டிரான்ஸ்பர் தொகையில் 5 சதவீதம் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஆக உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு அவர் பூட்ஸைக் கழற்றும் வரை தொடரும். அறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள் மட்டும். இன்னும் இருபது வருடத்தில் "நம் சகாப்த நாயகர்கள்" என்று ஒரு காட்சி ஆட்டம் வைப்பீர்கள், அவரும் வயிறு தள்ளிய நிலையில் நம் ஜெர்சியில் ஓடுவார், விளம்பரதாரர் பெயர் மார்பில் பளபளக்கும், டிக்கெட்டும் எங்களுக்கே விற்பீர்கள். வாங்குவோம், அது வேறு விஷயம். ஆனால் சுரங்கப் பாதைச் சுவரிலிருந்து கழற்றிய அவர் படத்தை அதுவரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பத்திரமாக வையுங்கள், தேவைப்படும்.

பேச்சு எங்கோ போய்விட்டது. கோரிக்கைக்கு வருகிறேன்.

சம்பள விவரம் வேண்டாம். ஏஜென்டுக்கு எவ்வளவு போனது என்றும் கேட்கவில்லை. ஒப்பந்த ரகசியம் என்று ஒன்று உண்டு, புரிகிறது. ஆனால் அவர் விலகல் கேட்டாரா, கிளப் விற்க முன்வந்ததா, புது ஒப்பந்தம் அவர் முன் வைக்கப்பட்டதா என்பதை எந்த ரகசியமும் மீறாமல் மூன்று வாக்கியத்தில் சொல்லலாம். லிவர்பூல் 2011-ல் சொன்னது அவ்வளவுதான். அவரும் சம்மதித்தால் இரு தரப்பும் சேர்ந்தே சொல்லலாம். தப்பு உங்கள் மேல் என்று தெரிந்தால் நாங்கள் உங்களைத் திட்டுவோம், உண்மைதான். அதற்கும் சேர்த்துத்தானே சீசன் டிக்கெட்.

அடுத்த டிரான்ஸ்பர் காலம் நெருங்குகிறது. நம் இடது பின்கள ஆட்டக்காரரின் பெயர் ஏற்கெனவே வதந்திகளில் அடிபடுகிறது. அவருக்கும் அகாடமி காலத்திலிருந்தே கேலரியில் தனிப் பாட்டு உண்டு. அவர் போவதானால், அந்த நான்கு வரி அறிக்கையோடு இந்த மூன்று வாக்கியத்தையும் சேர்த்து வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேப்டன் விஷயத்தில் தாமதமானாலும் பரவாயில்லை, இப்போதாவது சொல்லுங்கள். அடுத்த சீசனில் அவர் மறுபடி நம் மைதானத்துக்கு வருவார்.

இப்படிக்கு,
கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்காரும் உங்கள் ரசிகன்